குருட்டுக் கொக்கு குத்திய கண்

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று அக்கறையாக விசாரித்தவர்களுக்கு நன்றி. எனக்கு ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரரின் கண்ணைக் கொக்கு குத்திவிட்டது.

சிரிக்கிறீர்களா? பரவாயில்லை. இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் நம்பவில்லை. நேரில் பார்த்த எனக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன்.

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். கிணற்றை ஒட்டி ஒரு கல் தொட்டி. மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள் — ஓர் அறை அகலம் இருக்கும், இறங்க ஒரு பக்கம் படி உண்டு. கிணற்றிலிருந்து இறைக்கிற தண்ணீர் அதில் நிரம்பி, அங்கிருந்துதான் கத்தரிக்கும் வாழைக்கும் பாயும். அந்தத் தொட்டியில் நான் அல்லி வைத்திருந்தேன். வருகிற விருந்தாளியை எல்லாம் காபி கொடுப்பதற்கு முன்பே அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். அவ்வளவு பெருமை.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் ரோடு ஓவர்சியர். வெயிலிலும் மழையிலும் சைக்கிளில் அலைகிற உடம்பு. சாதாரணமாக எதற்கும் படுக்காது. இது படுக்க வைத்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நடுக்கம் ஆரம்பிக்கும். வீட்டிலிருந்த போர்வை, ஜமக்காளம், சாக்கு எல்லாவற்றையும் போட்டு மூடி, மேலே நான் கையை ஊன்றி அழுத்தினாலும் கட்டில் ஆடும்.

கொல்லிமலை அடிவாரத்து ஊர்களுக்குக் குளிர் காய்ச்சல் புதிதா என்ன? இல்லை. ஆனால் முன்பெல்லாம் கொய்னா மாத்திரை கிடைத்தது. இப்போது யுத்தம். மாத்திரையும் சிப்பாய்களோடு கப்பலேறிவிட்டது போலிருக்கிறது. எங்கெங்கோ சொல்லி, யார் யாரையோ பிடித்து, கொஞ்சம் கிடைத்தது. பிழைத்தார். எழுந்து உட்கார்ந்தபோது கோட்டு அவருடையதாக இல்லை; அண்ணனிடம் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டது மாதிரி தொங்கியது.

அப்போதுதான் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு கரண்டி குடுங்கம்மா" என்றார். கையில் அகப்பட்ட ரசக் கரண்டியைக் கொடுத்தேன். நேராகத் தொட்டிக்குப் போய், அல்லி இலைகளுக்கு நடுவில் ஒரு கரண்டி மொண்டு, வெளிச்சத்தில் என்னிடம் நீட்டினார்.

தலைமயிர்த் துண்டுகள் மாதிரி ஏதோ மிதந்தன. மிதந்தவை நெளிந்தன.

"இதுங்கதான் பெருசாயி, கொசுவா வந்து உங்க ஊட்டுக்காரரைக் கடிச்சுதுங்க" என்றார்.

விருந்தாளிகளுக்கு நான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தது இதையா? கட்டிலை ஆட்டிய அந்தக் காய்ச்சலை நானே பூ வைத்து வளர்த்துக்கொண்டிருந்தேனா? (அந்தக் கரண்டி அதற்குப் பிறகு ரசத்தைப் பார்க்கவில்லை.)

"இப்ப என்ன பண்றதுங்க?"

"மண்ணெண்ணெய் ஊத்தலாமுங்க."

"வெளக்குக்கே இல்லீங்களே."

அவருக்கும் அது தெரியும். தொட்டியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். "அப்ப மீனு உடுங்க. நானே குடுத்தனுப்பறேன்."

ஒரு பானையில் மீன் வந்தது. வண்ண மீன் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சுண்டு விரலில் பாதி, சாம்பல் நிறம், பார்க்க லட்சணமே இல்லை. ஆனால் வேலைக்காரர்கள். சில வாரத்தில் கரண்டியில் மொண்டால் வெறும் தண்ணீர்தான் வந்தது. அந்த மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் கட்டில் ஆடவில்லை. அதற்குப் பிறகு அந்த மீன்கள் எங்களுக்கு மீன்களா? மாத்திரை கிடைக்காத காலத்தில் தொட்டியில் நீந்துகிற மாத்திரைகள் அல்லவா?

பிறகு கொக்கு வந்தது.

வயல்வெளியில் நிற்கும் வெள்ளைக் கொக்கு அல்ல. குருட்டுக் கொக்கு என்பார்களே, அது. உட்கார்ந்திருந்தால் காய்ந்த மண் நிறம், இருப்பதே தெரியாது. பறந்தால்தான் திடீரென்று வெள்ளை — யாரோ வெளுத்த வேட்டியை உதறிப் பிரித்தது மாதிரி. ஆள் பக்கத்தில் வந்தாலும் பார்க்காததுபோல் அசையாமல் இருப்பதால் குருடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர் மீன் வளர்த்ததில்லை.

தொட்டிப் படியில் வந்து உட்காரும். தோளுக்குள் தலையைச் செருகிக்கொள்ளும். கழுத்து என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. உட்கார்ந்தே இருக்கும்... நமக்குத்தான் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கும். அப்புறம் ஒரு சின்ன அசைவு. அவ்வளவுதான். தண்ணீர்கூடச் சிதறாது. ஒரு மீன் குறைந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் முதலில் தொட்டியைச் சுற்றிக் குச்சி நட்டு, நூல் கட்டி, வெள்ளைத் துணிக் கிழிசல்களைத் தொங்கவிட்டார். கொக்கு மறுநாள் அந்தத் துணியின் நிழலில் உட்கார்ந்தது. அடுத்தபடி, டப்பாவில் கூழாங்கல் போட்டு மரத்தில் கட்டி, கயிற்றைச் சமையலறை ஜன்னல் வரை கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுப்பேன். டப்பா அலறும். கொக்கு தென்னை மரத்துக்குப் போகும். நான் கயிற்றை விட்டால் திரும்பி வரும். அந்த மாதம் என் சமையல் எப்படி இருந்தது என்று அவரைக் கேட்காதீர்கள்.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, அப்போது விளையாட்டாக இல்லை. ஒரு நாள் கரண்டியில் மொண்டு பார்த்தேன். மறுபடியும் நெளிந்தது.

அன்று சாயங்காலம் அவர் கொல்லைப்பக்கம் நின்றுகொண்டு, "குளுருதா அம்மிணி?" என்று கேட்டார்.

மலைக்காற்று கொஞ்சம் அடித்தது, அவ்வளவுதான். ஆனாலும் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனோம்.

அந்த வாரமே மோகனூர் ஆற்றங்கரையில் சொல்லிவைத்து ஒரு பழைய மீன் வலை வாங்கி வந்துவிட்டார். முளை அடித்து, இழுத்துக் கட்டி, தொட்டி முழுவதையும் மூடினார். மீன் பிடிக்கிற வலை மீனைக் காப்பாற்றுகிற வேலைக்கு வந்தது. கொக்கு தென்னை மரத்திலேயே உட்கார்ந்திருந்தது. எனக்குக் கயிற்று வேலை போயிற்று. நிம்மதி.

நிம்மதி எத்தனை நாளைக்கு?

சென்ற வாரம் ஒரு காலை. நன்றாக விடிந்துவிட்டது. பால் கறந்து எடுத்துக்கொண்டு வந்தவள், தொட்டிப் பக்கம் தண்ணீர் அடிபடுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கொக்கு வலையில் மாட்டியிருந்தது. வலை ஒரு பக்கம் தொய்ந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து கொத்தப் பார்த்திருக்கிறது போலிருக்கிறது. ஒரு காலும் ஒரு சிறகும் சிக்கி, தண்ணீரில் பாதி, வலையில் பாதியாகக் கிடந்தது.

அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அடப் பாவமே. காலு அறுந்துரும் போல இருக்குதே."

"பாவாயக்கா ஊட்டுக்காரரு வரட்டுங்க. அவரு எடுத்துருவாரு." பக்கத்துத் தோட்டத்துப் பாவாயக்காவும் அவள் புருஷன் நல்லப்பனும் எங்களுக்கு உறவு மாதிரி. ஆடு மாடு, பாம்பு பல்லி என்றால் நான் கூப்பிடுவது அவர்களைத்தான்.

"அதுக்குள்ள செத்துப்போயிரும் அம்மிணி. ஒரு முடிச்சுத்தானே?"

அவருக்குத் தூரத்தில் இருப்பதுதான் தெரியாது. கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை. நுணுக்கமான வேலை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அன்றும் கழற்றி என் கையில் கொடுத்தார். படியில் குந்தி, இடது கையால் சிறகைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கால் முடிச்சைப் பார்க்கக் குனிந்தார். கொக்கு அசையவில்லை. செத்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். தோளுக்குள் தலை, கழுத்தே இல்லை.

அந்தக் கழுத்து வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தேன், கண் திறந்திருந்தது, ஆனாலும் பார்க்கவில்லை. அவர் தலை பின்னால் போனதைத்தான் பார்த்தேன்.

அவர் கத்தவில்லை. படியில் உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக, "அம்மிணி, கண்ணு" என்றார். விரல் சந்துகளில் ரத்தம் வந்தது. முழங்கை வரை வழிந்து சட்டையில் சொட்டியது.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அப்படியே நின்றேன். செம்பு கவிழ்ந்து பால் காலடியில் ஓடியது. அது கவிழ்ந்த சத்தத்தில்தான் பாவாயக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாளாம்.

அவள் வந்தது, தன் முந்தானையைக் கிழித்து அவர் கண்ணில் வைத்துக் கட்டியது எல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். "ஏனக்கா, எதாச்சும் பச்சிலை..." என்று நான் ஆரம்பித்தேன்.

"கண்ணுல ஒண்ணும் உடாத சாமி. எங்க சின்னய்யனுக்குப் பச்சிலை உட்டுத்தான் கண்ணே போச்சு. நீ சேலத்துக்குக் கூட்டிட்டுப் போ. மத்ததெல்லாம் திரும்பி வாரப்ப பேசிக்கலாம். போ."

நல்லப்பன் வண்டி பூட்டிக் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் இப்போது எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாததா? பெட்ரோல் இல்லை, கரி பஸ். பின்னால் ஒரு அடுப்பைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் மூச்சு வாங்கி, நின்று, கண்டக்டர் இறங்கிக் கரியைக் கிளறி, விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊதி... ராசிபுரம் போவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, "அடிதடியாங்க?" என்றார்.

"இல்லீங்க. கொக்கு கொத்திருச்சு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முன்னால் போய் டிரைவரிடம் எதையோ சொன்னார். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்தில் வெண்ணந்தூருக்குப் போகிற ஒரு பெரிய அம்மாள். என் தோளைத் தொட்டு, மெதுவாக, அன்பாகவே சொன்னாள்: "என்ன சண்டையா இருந்தாலும் கண்ணுல அடிக்கலாமா சாமி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டுக்கு உள்ளிருந்து என் வீட்டுக்காரர், "இல்லீங்க ஆயா. நெசமாலுமே கொக்குதானுங்க" என்றார்.

அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டாள். "இந்த நெலமையிலயும் பொண்டாட்டிய உட்டுக் குடுக்க மாட்டீங்கறாரு பாரு" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள். பஸ் முழுக்க என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

சேலத்தில் கண் டாக்டரின் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்குத் தெம்பு இல்லை. "சைக்கிள்ல இருந்து உழுந்துட்டாருங்க" என்றேன். உடனே பெஞ்சியில் இடம் கொடுத்தார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இதை யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னபோது கொலைகாரியாகப் பார்த்தார்கள். பொய் சொன்னதும் மரியாதை. நடந்தது நம்பும்படியாக இல்லாவிட்டால் நடந்ததற்கு யார் சாட்சி?

ஆனால் டாக்டர் கட்டைப் பிரித்து, விளக்கைப் பிடித்து ஒரு பார்வை பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"இது சைக்கிள் இல்லையே அம்மா. கூரா ஏதோ உள்ளே போயிருக்கு. மறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "முதல்லயே சொல்ல வேண்டாமா? சேத்துல கிடக்கிற மூக்கு. சீழ் வச்சா அந்தக் கண்ணோட நிக்காது, அடுத்த கண்ணுக்கும் போகும்" என்றார். என் வீட்டுக்காரரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. அப்போதுதான் கவனித்தேன், அவருடைய கண்ணாடி இன்னும் என் கையில் இருந்தது. வண்டியிலும் பஸ்ஸிலும் அவ்வளவு நேரமும் அதைப் பிடித்திருக்கிறேன். சட்டத்தின் தடம் உள்ளங்கையில் பதிந்திருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அது அவர் முகத்தில் இருந்திருந்தால்... இந்த நினைப்பு ஒன்று போதாதா ஒரு மனுஷியை உட்கார வைக்க?

டாக்டர் வெளியே வந்து சொன்னார். "கண்மணிக்கு ஒண்ணும் இல்லை. மூக்கோரமா, இமைக்கு உள்பக்கம் போயிருக்கு. ஒரு நெல்லளவு இந்தப் பக்கம் வந்திருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன். தையல் போட்டாச்சு. ஆனா கண்ணீர் உள்ளே வடியிற குழாய் அறுந்துபோச்சு. அதை ஒட்ட வைக்க என்னால முடியாது. இனிமே அந்தக் கண்ணுல தண்ணி நிக்காது, கன்னத்துலதான் வழியும். துடைச்சுக்க வேண்டியதுதான்."

துடைத்துக்கொள்ள ஒரு கண் இருக்கிறதே. நான் அந்தப் பெஞ்சியிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். யாரை என்று தெரியாது.

சில நாள் இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். ஒன்று அசைந்தால் மற்றதும் அசையுமாம். இருட்டில் கிடந்த மனுஷர் என்னிடம் என்ன கேட்டார் என்று நினைக்கிறீர்கள்? வலிக்கிறது என்றாரா? வேலைக்கு லீவு சொன்னாயா என்றாரா?

"கொக்கு வலையிலயே கெடக்குமா அம்மிணி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க கண்ணைக் கொத்துனதுங்க அது."

"அதுக்கென்ன தெரியும்? முகத்துக்கு நேரா அத்தாப்பெரிய கையி வந்தா அது என்ன பண்ணும்?" கட்டிலில் தடவி என் கையைத் தேடிப் பிடித்தார். "தண்ணிலயே கெடந்தா வெறைச்சுப் போயிரும். நல்லப்பண்ணன் பாத்து அறுத்து உட்டிருப்பாரு."

அடுத்த நாளும் அதையே கேட்டார். அதற்கு அடுத்த நாளும். கடைசியில் நானும், "ஆமாங்க, உட்டிருப்பாரு" என்று சொல்லத் தொடங்கிவிட்டேன்.

நேற்று முன்தினம் ஊர் திரும்பினோம். வண்டியை விட்டு இறங்கியவர் வீட்டுக்குள் போகவில்லை. நேராகத் தொட்டிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். வலை இல்லை. அதற்குப் பதில் ஆட்டுப் பட்டிக்கு மறைப்பாக வைக்கிற மூங்கில் படல்களைத் தொட்டியின் மேல் சேர்த்து வைத்திருந்தார் நல்லப்பன். கொக்கின் மூக்கும் நுழையாது, காலும் சிக்காது. இது முன்பே நமக்குத் தோன்றவில்லையே என்று என் வீட்டுக்காரரே சொல்லிக்கொண்டார். ஒரு படலை நகர்த்திக் குனிந்து பார்த்தார். அல்லி இலைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் அசைந்தன. மீன்கள் இருந்தன. முன்னிலும் குறைவு, ஆனால் இருந்தன.

பாவாயக்காவும் நல்லப்பனும் வந்தார்கள். பாவாயக்கா அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண் இருக்கிறது என்று தெரிந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டாள். பேச்சு அடங்குவதற்குள் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, அந்தக் கொக்கு என்னாச்சுங்க?"

நல்லப்பன் தரையைப் பார்த்தார். பாவாயக்கா என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அதைக் கொளம்பு வெச்சுட்டம் தம்பி."

என் வீட்டுக்காரர் நகர்த்திய படலைப் பழையபடி இழுத்து மூடினார்.

"உங்க கண்ணையே கொத்திப்போட்டுதேன்னு இவருக்கு ஆத்திரமுங்க" என்றாள் பாவாயக்கா, நல்லப்பனைக் காட்டி, குரலைத் தாழ்த்தி. "அடிச்சுப்போட்டாரு. அப்பறம் வீணாப் போகக் கூடாதுன்னு... உங்களுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிருந்தேன் தம்பி. நீங்க வரக் காணோம்."

எங்களுக்காகக் கோபப்பட்டிருக்கிறார்கள். எங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் மெள்ளத் தலையை ஆட்டினார். "சரிங்கக்கா" என்றார். துண்டை எடுத்துக் கன்னங்களை ஒற்றிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு, "அழறீங்களா?" என்று கேட்டேன்.

"டாக்டர்தான் சொன்னாருல்ல அம்மிணி. இனிமே வழியுமின்னு."

சொன்னார்தான். ஆனால் டாக்டர் சொன்னது இடது கண்ணை மட்டும்.